தொலைக்காட்சிக்கும் ஞாபகம் உண்டு

பெருநாள் நெருங்கும்போது வீடு முழுவதையும் துப்புரவு செய்கிறோம். தொலைக்காட்சிப் பெட்டியை நகர்த்தி, பின்புற வயர்களைக் கழற்றித் தூசு தட்டி, மீண்டும் பொருத்துகிறோம். பிறகு பார்த்தால் படம் மங்கலாக இருக்கிறது; அல்லது முகங்கள் செக்கச் சிவந்து தெரிகின்றன. "பெட்டி பழுதாகிவிட்டது" என்று திருத்துபவரை அழைக்கிறோம். அவர் சில பொத்தான்களை அழுத்திவிட்டுக் கூலி வாங்கிச் செல்கிறார். இந்தச் செலவு தேவைதானா, சகோதரிகளே?

அந்தக் காலப் பெட்டிகளில் வெளிச்சத்துக்கு ஒரு திருகி, வர்ணத்துக்கு ஒரு திருகி. அன்டெனா நிகழ்ச்சியானாலும் டெக்கில் ஓடும் கசெட்டானாலும் அளவு ஒன்றுதான். இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் அப்படியல்ல. எச்.டி.எம்.ஐ. 1, எச்.டி.எம்.ஐ. 2, ஏ.வி. என ஒவ்வோர் இணைப்புத் துவாரத்துக்கும் வெளிச்சம், வர்ணம் முதலிய அளவுகளைத் தனித்தனியே சேமித்து வைக்கின்றன. மின்சாரம் தடைப்பட்டாலும் இவை அழிவதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெட்டி பொதுவாக ஞாபகம் வைத்திருப்பது துவாரத்தைத்தான். அதில் பொருத்திய கருவியை அல்ல. அலுமாரித் தட்டில் பெயர் ஒட்டியிருக்கிறோம். உடுப்பை வேறு தட்டில் வைத்தால் பெயரும் கூடவே போகுமா? அதுபோலத்தான், டிவிடி வயரை 1இலிருந்து 2க்கு மாற்றினால் பழைய அளவுகள் 1இலேயே நின்றுவிடும்.

என்ன செய்யலாம்?

* முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். வயரைக் கழற்றுமுன் துவாரத்தின் இலக்கத்தைத் துண்டுக் கடதாசியில் எழுதி அதில் ஒட்டுங்கள்.

* அளவை மாற்றும்போது, உரிய கருவியின் படம் திரையில் ஓடட்டும். சில பெட்டிகளில் எல்லா இணைப்புக்கும் ஒரே அளவை வைக்கும் வசதியும் மெனுவில் உண்டு.

* அவசரப்பட்டு 'ரீசெட்' கொடுக்காதீர்கள். தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் சேமித்த அளவுகளோடு தேடி வைத்த சனல்களும் அழிந்துவிடும்.

அப்படியானால் உண்மையான பழுதை எப்படி அறிவது? ஒரு கருவியின் படம் மட்டும் கெட்டிருந்து, அளவைச் சரிசெய்தும் திருந்தாவிட்டால், வயரையும் அந்தக் கருவியையும் பாருங்கள். எல்லா இணைப்பிலும், பெட்டியின் மெனுவிலும்கூட அதே கோடோ இருளோ தெரிந்தால், கோளாறு பெட்டியில்தான். திருத்துபவரை அப்போது அழையுங்கள்.