தெர்மல் கேமரா எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை

நண்பர் ஒருவர் போனில் மாட்டுகிற சின்ன தெர்மல் கேமராவைக் கொண்டுவந்திருந்தார். சூடான காபி ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை அதில் காட்டினேன். திரையில் 36 டிகிரி என்று வந்தது. டம்ளரையோ கையில் பிடிக்க முடியவில்லை. அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டை ஒட்டி, ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தோம். டேப் ஒட்டிய இடம் மட்டும் 68 டிகிரி என்று பளீரெனத் தெரிந்தது. அதே டம்ளர், அதே காபி.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. அது எதைப் பார்க்கிறது என்பதை நாமதான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இந்தக் கேமராவை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதை இந்த டம்ளரை வைத்தே சொல்லிவிடலாம்.

1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் பாதரசம் இன்னும் மேலே ஏறியது. அகச்சிவப்புக் கதிர் பிடிபட்டது அப்படித்தான். எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கேற்ப இந்தக் கதிரை வெளிவிடுகிறது. நம் உடம்பு அதிகமாக வெளிவிடுவது 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். சாதாரண தெர்மல் கேமரா 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை பார்க்கும். இந்த அலைநீளத்தைக் கண்ணாடி உள்ளே விடாது என்பதால் அதன் லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பார்க்க நினைத்தால், கண்ணாடியில் பிரதிபலிக்கிற உங்கள் உருவம்தான் தெரியும். சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்பது சினிமாவில் மட்டும்தான்.

ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாப் பொருளும் ஒரே அளவு கதிரை வெளிவிடுவதில்லை. இதை உமிழ்திறன் என்பார்கள். மனிதத் தோலுக்கு இது 0.98 அளவில் இருக்கும். டேப்புக்கு 0.95-ஐ ஒட்டி வரும். பளபளப்பான உலோகத்துக்கு மிகவும் குறைவு. உலோகம் தன் கதிரைக் கொஞ்சமாக விட்டு, சுற்றியிருப்பதன் கதிரைத்தான் திருப்பி அனுப்புகிறது. டம்ளரில் நாங்கள் பார்த்த 36 டிகிரியில் பெரும்பகுதி அறையின் பிரதிபலிப்புதான்.

இங்கே இரண்டு எண்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கேமரா ஒன்று பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு இடையே 0.05 டிகிரி வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் 'இந்த இடம் இத்தனை டிகிரி' என்று அது சொல்லும் எண்ணில், தொழிற்சாலைகளில் பயன்படும் பெரும்பாலான கேமராக்களில் 2 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது ஒப்பிடுவதில் கெட்டிக்காரன், எண்ணைச் சொல்வதில் சுமார்.

ஒப்பீடு மட்டும் போதும் என்கிற வேலைகளில் இதை அடிச்சுக்க ஆளில்லை. மின்சாரப் பேனலில் மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய ஒரே லோடு ஓடும்போது ஒரு இணைப்பு மட்டும் சூடாகத் தெரிந்தால், அங்கே போல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது துரு ஏறியிருக்கலாம். தீப்பிடிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பளபளக்கும் செம்புப் பட்டை டம்ளரைப் போலவே ஏமாற்றும். அனுபவசாலிகள் பக்கத்தில் இருக்கும் ஒயரின் இன்சுலேஷனைப் பார்ப்பார்கள். சோலார் பேனலில் விரிசல் விட்ட செல் தனியாகச் சூடேறி நிற்கும், ட்ரோனில் பறந்தபடியே கண்டுபிடிக்கலாம். சுவரில் ஈரம் ஆவியாகிற இடம் குளிர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஏசி காற்று நேராகப் படுகிற இடமும் அப்படித்தான் தெரியும் என்பதால், ஈரமானியை வைத்து உறுதி செய்தபிறகே சுவரை உடைக்க வேண்டும்.

காட்டிலும் இதே கதைதான். கோவை மதுக்கரை அருகே நவக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024-இல் மதுக்கரை வனப்பகுதியில் தண்டவாளத்தை ஒட்டிக் கோபுரங்கள் அமைத்து, சாதாரண கேமராவோடு தெர்மல் கேமராவையும் பொருத்தினார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும். யானையின் உடம்பு எத்தனை டிகிரி என்று அங்கே யாருக்கும் தெரியவேண்டியதில்லை. இருட்டில், குளிர்ந்த புதருக்கு நடுவே சூடான பெரிய உருவம் ஒன்று நகர்கிறதா என்பதுதான் கேள்வி. பகல் வெயிலில் பாறையும் சுட்டுக்கிடக்கும், அப்போது சாதாரண கேமரா கைகொடுக்கும்.

இப்போது எதிர்ப்பக்கம் வருவோம். கொரோனா காலத்தில் மால் வாசலிலும் விமான நிலையத்திலும் தெர்மல் கேமராவை வைத்துக் காய்ச்சலைத் தேடினார்கள். சாதாரண உடல்சூடு 37, காய்ச்சல் 38. ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம். 2 டிகிரி தவறக்கூடிய கருவி இதை எப்படிப் பிரிக்கும்? அதுவும் அது பார்ப்பது தோலை மட்டும். வெயிலில் நடந்துவந்தவர் நெற்றி சுடும், வியர்த்தவர் நெற்றி குளிரும். அதனால்தான் இந்த வேலைக்கென்றே தனித் தரம் வைத்திருக்கிறார்கள். பிழை 0.5 டிகிரிக்குள் இருக்கவேண்டும். வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த கரும்பொருள் சாதனம் ஒன்று ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் இருப்பது நல்லது. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் பார்க்கவேண்டும், அதுவும் கண்ணின் உள்மூலையை. கூட்டத்தை மொத்தமாகக் காட்டி ஆளாளுக்கு ஒரு எண் போட்ட திரைகளில் இதில் எதுவும் கிடையாது. இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், காய்ச்சலே வராத தொற்றாளரைப் பிடிக்க முடியாது. 'கேமரா ஓகே சொல்லிடுச்சு' என்று மாஸ்க்கைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்துக்கு அடிப்படையே இல்லை.

இதைவிட ஆபத்தானது மார்பகப் புற்றுநோய்க்குத் தெர்மல் படம் எடுப்பது. 'வலியில்லை, கதிர்வீச்சில்லை' என்று விளம்பரம் செய்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் மேமோகிராமுக்குப் பதிலாக இதை நம்பக்கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. தோலின் சூட்டைப் பார்த்து உள்ளே கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று ஒருவர் நிம்மதியாக வீடு திரும்பினால், கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கும் வாய்ப்பு நழுவிவிடும்.

அதனால் தெர்மல் படம் எதைப் பார்த்தாலும் நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். பார்க்கிற மேற்பரப்பு மங்கலானதா, பளபளப்பானதா? எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்? நமக்குத் தேவை வித்தியாசமா, சரியான எண்ணா? எண்தான் தேவை என்றால் அந்தப் படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், தொட்டு அளக்கிற இன்னொரு கருவியையும் எடுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் துண்டு டேப்பும் போதும், நீங்களே செய்து பார்த்துவிடலாம்.