கருகிய காளான் கடல்நீரைக் குடிநீராக்குமா?

நடுக்கடலில் மாட்டிக்கொண்டவரைச் சுற்றிலும் தண்ணீர்தான். ஆனால் ஒரு மடக்குகூடக் குடிக்கக் கூடாது. ஏன் தெரியுமா? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அவ்வளவு உப்பையும் வெளியே தள்ள, குடித்த தண்ணீர் மட்டும் நம் சிறுநீரகத்துக்குப் போதாது. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரையும் எடுத்துச் செலவழிக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும்!

உப்பையும் நீரையும் பிரிக்க வெயிலால் முடியும். உப்பளத்தில் நடப்பது அதுதான். பாத்தியில் தேக்கிய உப்புநீரில் உள்ள நீர் ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. பாத்திக்கு மேல் சரிவாகக் கண்ணாடி போட்டால்? ஆவி அதில் பட்டுக் குளிர்ந்து, துளித்துளியாக வழிந்து இறங்கும். அது உப்பில்லாத நல்ல தண்ணீர்.

தென் அமெரிக்காவில், இன்றைய சிலி நாட்டில் 1872ஆம் ஆண்டிலேயே இதைச் செய்துவிட்டார்கள். அட்டகாமா பாலைவனத்தில் லாஸ் சலினாஸ் என்ற ஊரில் வெடியுப்புச் சுரங்கம் இருந்தது. அங்கே கிடைத்த தண்ணீரோ கடல்நீரைவிட உப்பு. சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர் மரத்தொட்டிகளின் அடியில் கறுப்புச் சாயம் ஏற்றி, மேலே கண்ணாடிக் கூரை போட்டார். நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் கிடைத்தது. அதற்காக அவர் 4,000 சதுர மீட்டருக்கும் அதிகமான இடத்தில் தொட்டிகளைப் பரப்ப வேண்டியிருந்தது. அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் அளவுதான்.

இன்னும் அதிகம் எடுக்க முடியாதா? நீர் ஆவியாவது மேற்பரப்பில்தான். ஆனால் வெயிலின் சூடு அடிவரை உள்ள நீரையும், தொட்டியையும், தரையையும் சூடாக்குவதில் கரைகிறது. மேல்நீரை மட்டும் சூடாக்கினால் என்ன?

2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைச் செய்து பார்த்தார்கள். கிராஃபைட் செதில்களை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தார்கள். அவை சோளப்பொரி போலப் பொரிந்தன. அந்தப் பொரியை, நுண்துளைகள் நிறைந்த கரித்தட்டின் மேல் பரப்பி நீரில் மிதக்கவிட்டார்கள். கறுப்பான மேலடுக்கு வெயிலை உறிஞ்சும். கீழடுக்கில் அடைபட்ட காற்று, சூடு கீழே இறங்காமல் தடுக்கும். கீழடுக்கின் நுண்துளைகளின் வழியே நீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி ஆவியாகும். பத்து மடங்கு குவித்த வெயிலில் சோதித்தபோது, விழுந்த ஆற்றலில் 85 சதவீதம் நீரை ஆவியாக்கவே பயன்பட்டது.

அப்படியானால் நமக்குத் தேவை மூன்று குணங்கள்: கறுப்பாக இருக்க வேண்டும், மிதக்க வேண்டும், நீரை உறிஞ்ச வேண்டும். கரி பூசிய காகிதத்தைத் தெர்மாகோல் மேல் விரித்துப் பார்த்தது அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் குழு. மலிவுதான். ஆனால் தெர்மாகோல் மக்காதே! தண்ணீர் தரும் கருவி பிறகு கடலில் குப்பையாக மிதக்கலாமா?

இதற்கு இயற்கையே பொருள் தருகிறது. வேர் உறிஞ்சிய நீரை மேலே கொண்டுபோகும் நுண்குழாய்கள் மரத்தில் நிறைய உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் மரத்துண்டின் மேற்புறத்தை மட்டும் கருக்கி மிதக்கவிட்டார்கள். சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகத்தார் 2017இல் காளானைக் கரியாக்கினார்கள். குடை வெயிலை வாங்கியது, தண்டு நீரை மேலேற்றியது. இரண்டுமே இயற்கை தந்த பொருள்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ஆவி போனபின் உப்பு மேலேயே படிந்து வெள்ளையாகிவிடும். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மேரிலாந்து குழு மரத்தில் வரிசையாகத் துளை போட்டது. அவற்றின் வழியே உப்பு கரைந்து மறுபடி கீழே இறங்கிவிட்டது.

இந்தக் கருவி பெரிய நகரத்துக்குப் போதாது. உச்சி வெயிலின் ஆற்றல் முழுவதையும் பயன்படுத்தினாலும், ஒரு சதுர மீட்டரில் மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர்தான் ஆவியாகும். ஆனால் மின்சாரம் எட்டாத கடலோரக் குடும்பம் ஒன்று குடிக்க அது உதவும்.

நீங்களும் சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களில் சம அளவு உப்புநீர் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே வெயிலில் வையுங்கள். மற்றதில் வாழைமட்டைத் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் கறுப்புப் பருத்தித் துணியைப் போர்த்துங்கள். துணியின் இரு முனைகளும் நீரில் தொங்க வேண்டும். மாலையில் எதில் நீர் அதிகம் குறைந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். மறுநாள் துணிக்குப் பதிலாகக் கரித்தூள் பூசிய செய்தித்தாள், அதற்கடுத்த நாள் கரித்தூள் தேய்த்த தேங்காய் நார் என்று மாற்றிப் பாருங்கள். எதில் உப்பு சீக்கிரம் படிகிறது என்பதையும் கவனியுங்கள். ஆய்வகங்களில் விஞ்ஞானிகள் இன்றும் தேடிக்கொண்டிருக்கும் விடை இதுதான்!