வேட்டைக்குப் பின் வேங்கை

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே எழுந்து நிற்கும் மலைக்காட்டில் மாந்தரின் வேட்டைக்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை விதித்தது. காட்டுப்பன்றியை மடக்கப் பழகிய வெண்ணிற இராசபாளையம் நாய்கள் இன்று வீடும் தோட்டமும் காக்கின்றன. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமான இக்காட்டில் பெருவிலங்கை வீழ்த்தும் உரிமை வேங்கைக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்குமே உண்டு.

வேங்கைக்கு இரையாகும் மிளா மானில் முழுதாய் வளர்ந்த ஆண் 200 கிலோவுக்கும் மேல் எடை கொள்ளும். அதன் உயிர் நீங்கியதும் உடலுள் வேறொரு வினை முந்துகிறது. மிளா அசைபோடும் விலங்கு. அதன் பெரிய முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், உண்ட தழையைத் தொடர்ந்து நொதிக்கச் செய்து வளியைப் பெருக்குகின்றன. வெளியேற வழியின்றி வயிறு உப்புகிறது. தடித்த தோலும் மயிரும் உடலின் வெப்பத்தைப் பிடித்து வைக்க, அழுகல் விரைகிறது. வேட்டைக்கு இசைவுள்ள நாடுகளில், வீழ்த்திய மானின் குடலை உடனே அகற்றி உடலைக் குளிரச் செய்வது இதனாலேயே.

வேங்கையும் இதற்கு நிகரானதைச் செய்கிறது. இரையை அடர்ந்த நிழலுக்கு, இயன்றால் ஓடைக்கருகே இழுத்துச் செல்லும். பெரும்பாலும் பின்தொடையில் உண்ணத் தொடங்கும். பிறகு இரைப்பையை வெளியே இழுத்து அப்பால் ஒதுக்கிவிடும். அதன் செய்கைகளுள் எனக்கு மிகுந்த வியப்பளிப்பது இதுவே. ஓரிரவில் 20 கிலோவுக்கு மேலும் உண்ணும். எஞ்சியதைச் சருகாலும் புல்லாலும் மூடி, அருகே படுத்துக் காக்கும். மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வரும். செந்நாய்க் கூட்டமோ, பிறர் பறிக்குமுன் விரைந்து விழுங்கிவிடும்.

திரும்பி வரும் அவ்வழக்கமே மலையடிவாரத்தில் வேங்கைக்குக் கேடாகக்கூடும். அது அடித்த மாட்டின் உடலில் எவரேனும் நஞ்சிட்டால், தாயும் உடன் உண்ணும் குட்டிகளும் ஒருங்கே மடியும். எச்சத்தைத் தின்னும் பிற உயிர்களும் தப்பா. மாட்டை இழந்தவரின் துயர் மெய்யானது. அதற்கு அரசு இழப்பீடு தருகிறது. அவர் மாட்டின் உடலைத் தொடாமலும் நகர்த்தாமலும் வனத்துறைக்கு உடனே சொல்லவேண்டும். தொண்டையில் பதிந்த பற்குறிகள், இழுத்த தடம், ஈரமண்ணில் காலடி ஆகியவற்றைக் கொண்டே கொன்றது எவ்விலங்கு என அலுவலர் தெளிவர்; இழப்பீட்டுக்கும் அவையே சான்று.