உங்களுக்குத் தெரியுமா? மூத்த பூனையும் புதுக் குட்டிகளும்

தெருவோரம் கத்திக்கொண்டிருந்த இரண்டு குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கி வந்துவிட்டீர்கள். வீட்டிலோ ஏற்கெனவே ஒரு பூனை சோபாவை ஆண்டுகொண்டிருக்கிறது. பெட்டியைக் கூடத்தில் திறப்பதற்கு முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

தனிக்கட்டை வம்சம்
வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடும், தனியாகவே தின்னும். சிக்குவது ஓர் எலி. அதில் யாருக்குப் பங்கு கொடுப்பது? சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் அருகே புதைக்கப்பட்டிருந்த, சுமார் 9,500 ஆண்டுப் பழைமையான பூனை எலும்புக்கூட்டைப் பற்றி 2004-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இத்தனை காலம் நம்மோடு வாழ்ந்தும் பூனைக்கு அந்தக் காட்டுப் புத்தி முழுக்கப் போகவில்லை. குட்டிகளைப் பார்த்து உங்கள் பூனை உறுமினால் பொறாமை என்று நினைக்காதீர்கள். அது எல்லைக் காவல்.

கன்னத்தால் ஒரு பட்டா
பூனையின் கன்னம், நெற்றி, மோவாய், வாலடி, பாதம் எங்கும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. மேசைக் காலிலும் உங்கள் காலிலும் அது முகத்தைத் தேய்ப்பது, 'இது என் இடம்' என்று போடும் கையெழுத்து. குட்டிகள் வரப்போகின்றனவே என்று வீடு முழுக்க ஃபினாயில் ஊற்றித் துடைத்தால், மூத்த பூனையின் பட்டாவை நீங்களே அழித்ததாகிவிடும். பீனால் கலந்த கிருமிநாசினி பூனைக்கு நஞ்சும்கூட.

முதல் 14 நாள் தனி அறை
குட்டிகளைத் தனி அறையில் வைக்கச் சொல்வதற்கு முதல் காரணம் சண்டை அல்ல, நோய். பேன்லுகோபீனியா என்னும் கொடிய வைரஸ் நோய் தொற்றினால், வாந்தியும் பேதியும் பெரும்பாலும் பத்து நாளுக்குள் தெரிந்துவிடும். அந்த வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் ஓராண்டு வரைகூடத் தாக்குப்பிடிக்கும். அதனால் கால்நடை மருத்துவரிடம் காட்டியபின் இரண்டு வாரம் தனியே வையுங்கள். குட்டிகளைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு மூத்ததைத் தொடுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை தவணை தவணையாகப் போடப்படும்.

சின்ன அறை போதும்
முழு வீட்டையும் திறந்துவிட்டால் குட்டிகள் பீரோவுக்கு அடியில் போய் ஒளியும். ஒரு சின்ன அறை, நாலு தப்படியில் மணல் தட்டு, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி. அவற்றுக்கு அதுவே அரண்மனை.

துணி விடு தூது
அந்த இரண்டு வாரம் நோயில்லாமல் கழிந்ததும், கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கால் அறிமுகம் ஆகவேண்டும். மெல்லிய துணியால் குட்டிகளின் கன்னத்தைத் தடவி, மூத்த பூனை உலவும் இடத்தில் போடுங்கள். அதன் கன்னத்தைத் தடவிய துணி குட்டிகளின் அறைக்குப் போகட்டும். முகர்ந்துவிட்டுச் சீறினால் இன்னும் சில நாள் பொறுங்கள். முகர்ந்துவிட்டுப் பேசாமல் போய்விட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இந்தக் கன்ன வாசனையின் ஒரு பகுதியை 1990-களில் பிரெஞ்சு கால்நடை மருத்துவர் பத்ரீக் பாஜா பிரித்தறிந்தார். இன்று அதன் செயற்கை வடிவம் கொசுவிரட்டி போலச் சுவரில் செருகும் கருவியாகக் கடைகளில் கிடைக்கிறது.

கதவுக்கு இருபுறமும் விருந்து
மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் மூத்ததன் தட்டு, அந்தப் பக்கம் குட்டிகளின் தட்டு. முதலில் கதவிலிருந்து தள்ளி வையுங்கள். பதற்றமில்லாமல் தின்றால் நாளுக்கு நாள் நெருக்குங்கள். 'இந்த வாசனை வந்தால் மீன் வரும்' என்று மூத்தது முடிவுகட்டட்டும்.

சூடு கண்ட பூனை
சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது. முதல் சந்திப்பில் கடித்துக்கொண்ட பூனைகளும் அப்படித்தான். அந்தப் பயத்தை எளிதில் மறப்பதில்லை. எனவே முதல் பார்வை கம்பிவலைக் கதவு வழியாக, சில நிமிடம் மட்டும். இரு தரப்பும் அமைதியாக இருக்கும்போதே கதவை மூடிவிடுங்கள். சண்டை வந்த பிறகு மூடினால், அன்றைய கடைசி நினைவு சண்டையாகவே இருக்கும்.

சீறினால் திட்டாதீர்கள்
சீறல் சண்டையைத் தவிர்க்கச் செய்யும் எச்சரிக்கை. 'கிட்டே வராதே' என்று மூத்தது சொல்கிறது. குட்டி அதைக் கேட்டு விலகினால் பேச்சுவார்த்தை முடிந்தது. நடுவில் நாம் புகுந்து மூத்ததை அதட்டினால், குட்டி வந்ததால்தான் திட்டு விழுந்தது என்று கணக்குப் பார்க்கும்.

சண்டையா, விளையாட்டா?
இருநூறுக்கும் மேற்பட்ட பூனைகளின் காணொளிகளை ஆராய்ந்து 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. சத்தமில்லாமல் கட்டிப்புரண்டால் பெரும்பாலும் விளையாட்டு. உறுமலும் ஊளையும் நீண்ட துரத்தலும் இருந்தால் சண்டை. மேலே இருப்பது மாறிமாறி வருகிறதா, ஒன்றே எப்போதும் ஓடி ஒளிகிறதா என்று கவனியுங்கள். பிரிக்க வேண்டுமானால் நடுவே தலையணையை வையுங்கள். கையை நீட்டினால் கடி உங்களுக்குத்தான்.

மூன்று பூனைக்கு நான்கு தட்டு
மணல் தட்டுக்குச் சொல்லப்படும் கணக்கு: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டு. அவற்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால், பூனையின் கணக்கில் அது ஒரே கழிப்பறை. ஒரு முரட்டுப் பூனை வழியில் உட்கார்ந்தால் நான்கும் மூடியாயிற்று.

மதில் மேல் பூனை
மதில் மேல் பூனை என்றால் நமக்கு இரண்டுங்கெட்டான் நிலை. பூனைக்கோ அதுதான் நிம்மதியான இடம்: மேலிருந்து எல்லாம் தெரியும், யாரும் அண்ட முடியாது. குட்டிகள் ஏற முடியாத பீரோ உச்சியையோ பரணையோ மூத்ததற்கு ஒழித்துக் கொடுங்கள். தப்பிக்க வழி இருக்கும் பூனை சண்டைக்கு நிற்காது.

வால் சொல்லும் சேதி
கொடிமரம்போல வால் நிமிர்ந்து வந்தால் நட்பு. 1990-களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஷார்லட் கேமரன்-போமான்ட், பூனை உருவத்தைக் கறுப்பு நிழலாக வெட்டி வைத்துப் பார்த்தார். வால் நிமிர்ந்த நிழலைக் கண்ட நிஜப் பூனைகள் தங்கள் வாலையும் தூக்கிக்கொண்டு கிட்டே போயின.

கண்ணை மூடும் பூனை
பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். பழமொழி அப்படி இருக்க, அரைக்கண் மூடி மெதுவாக இமைப்பது நட்புச் சைகை என்கிறார்கள் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மனிதர் மெதுவாக இமைத்துக் காட்டினால் பூனையும் பதிலுக்கு இமைக்கிறது என்று 2020-ல் காட்டினார்கள். மூத்தது முறைத்துக்கொண்டிருக்கும் நாள்களில் முயன்று பாருங்கள்.

அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்
ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 5,726 பூனைகளின் விவரத்தைத் திரட்டி 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எட்டு வாரம் நிரம்பும் முன் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அதிகம் மூர்க்கம் காட்டின. 'மெல்லக் கடி, நகத்தை உள்ளே இழு' என்ற பாடமெல்லாம் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் படிப்பவை. அதனால்தான் ஒற்றைக் குட்டியைவிட ஜோடிக் குட்டி மூத்ததற்குத் தொல்லை குறைவு. அவற்றின் சேட்டை அவற்றுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

மார்ஜார நியாயம்
சரணாகதியை விளக்கத் தென்கலை வைணவர் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள்: தாய் கவ்வித் தூக்க, குட்டி சும்மா தொங்கும். வடகலையார்க்கு உவமை, தாயைத் தானே இறுகப் பற்றும் குரங்குக்குட்டி. பிடரியைக் கவ்வியதும் குட்டி உடலைச் சுருட்டி அசையாதிருப்பது உண்மையான அனிச்சைச் செயல். ஆனால் அது தாயின் உரிமை. நாம் தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில்.

பறழ்
பூனைக்குட்டியைத் தமிழில் 'பறழ்' என்றும் சொல்லலாம். வெருகு என்னும் பூனையோடு கீரி, எலி, அணில் ஆகியவற்றின் இளமைக்கும் 'குட்டி', 'பறழ்' இரண்டும் பொருந்தும் என்கிறது தொல்காப்பிய மரபியல்.

தயிர் சாதம் போதாது
பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, வயிற்றைக் கலக்கும். இனிப்பும் தெரியாது: அந்தச் சுவைக்கான மரபணு பழுதுபட்டிருப்பதை 2005-ல் கண்டறிந்தார்கள். கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவையான டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குட்டிக்கென்று தயாரிக்கும் உணவை மூத்தது காலி செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி வாடை
நன்றாகப் பழகிய பூனைகளில் ஒன்று மருத்துவரிடம் போய்த் திரும்பினால், மற்றது அதை அந்நியன்போலத் தாக்குவது உண்டு. முகம் அதே முகம், வாடை வேறு. திரும்பியதைச் சில மணி நேரம் தனியே விட்டால் வீட்டு வாசனை மீண்டும் ஏறிவிடும்.

நான்கே மாதம்
பெண் குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்பருவத்துக்கு வரலாம். பூனைக்கு அண்ணன் தங்கை முறை கிடையாது. சினைக்காலமோ ஒன்பது வாரம்தான். கருத்தடை நாளைக் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

பிரதமர் வீட்டுத் தகராறு
லண்டன் டவுனிங் தெருவுக்கு லாரி என்ற பூனை 2011-ல் குடிவந்தது. 2016-ல் பக்கத்து வெளியுறவு அலுவலகத்துக்குப் பாமர்ஸ்டன் என்ற இன்னொரு பூனை வந்து சேர்ந்தது. இரண்டும் பேட்டர்சீ விலங்குக் காப்பகத்திலிருந்தே வந்தவை. ஆனாலும் கேமராக்களுக்கு முன்னால் புரண்டு அடித்துக்கொண்டன. 2020-ல் பாமர்ஸ்டன் ஓய்வுபெற்றுக் கிராமப்புறம் போனபிறகே அந்தப் பகை ஓய்ந்தது. அங்கே கதவும் இல்லை, துணித் தூதும் இல்லை. எடுத்த எடுப்பில் நேருக்கு நேர்.

கடைசியில் என்ன ஆகும்?
சில வீடுகளில் சில வாரம், சில வீடுகளில் பல மாதம். பல பூனைகள் நண்பராவதே இல்லை. ஒரே ஜன்னல் திண்டில் காலை வெயில் ஒன்றுக்கு, மாலை வெயில் இன்னொன்றுக்கு என்று முறைபோட்டுக்கொண்டு அமைதியாக வாழ்ந்துவிடும். அதுவும் வெற்றிதான். ஒருநாள் மூத்தது குட்டியின் தலையை நக்கி, கன்னத்தோடு கன்னம் தேய்த்தால், மூன்றின் வாசனையும் கலந்து ஒன்றாகிவிட்டது. பட்டா இனி கூட்டுப் பட்டா.