தோட்டத்துச் சொற்கள் – 9: நிரை, மங்கு, டி.ஆர்.சி.

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள். குழூஉக்குறிக்குப் பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டுகள் இவை. பக்கத்தில் நிற்கும் வெளியாளுக்கு விளங்காதபடி தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான சொற்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த அந்த இலக்கணம், மலேசியாவில் செண்டாயான் பக்கத்துப் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர்த் தோட்டத்துக்கு, பாதிதான் பொருந்துகிறது.

பால்மரம் சீவிய நம் மக்களின் சொற்களில் மறைப்பதற்கு எதுவுமில்லை. கை தவறாமல் இருக்கப் பிறந்த சொற்கள் அவை. ‘பெரட்டு’ என்றால் விடியுமுன் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம், நேரம், ஒழுங்கு எல்லாம் சேர்ந்தது. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய கூலி போயிற்று. மரங்கள் நிற்கும் வரிசை ‘நிரை’. எந்த நிரை யாருக்கு என்பதை மண்டோர் என்ற மேற்பார்வையாளர் சொல்வார். மேட்டு நிரை கிடைத்தவளுக்கும் சமதள நிரை கிடைத்தவளுக்கும் அன்றைய உழைப்பு ஒன்றல்ல. அதனால் ‘எனக்கு எந்த நிரை?’ என்ற கேள்விக்குள் அந்த நாள் முழுவதும் அடங்கியிருந்தது.

சீவுவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சற்றே சாய்ந்திருப்பதால், அந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான் பட்டை போகலாம். உளி இன்னும் ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அடுத்த சுற்றில் சீவ வராது. வெயில் ஏற ஏறப் பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறையும். இருட்டில் நெற்றி விளக்கோடு காட்டுக்குள் போனது அதற்காகத்தான். இவ்வளவு தாவர அறிவும் எழுத்தறியாத ஒரு பெண்ணின் மணிக்கட்டில் இருந்தது. அதைப் பத்துச் சொற்களில் அவள் மகளுக்குக் கடத்தினாள்.

பால் சொட்டும் கிண்ணம் ‘மங்கு’. வெட்டுக் கோட்டிலேயே உறைந்து நாடாபோல் ஒட்டிக்கிடப்பது ‘கோட்டுப்பால்’. மங்கின் அடியில் உறைந்தது ‘கட்டிப்பால்’. பாலைத் தோளில் சுமந்து வரும் வாளிகள் ‘காண்டா வாளி’. கோட்டுப்பாலை உருவுவதும் மங்கு துடைப்பதும் பெரும்பாலும் அம்மாவோடு காட்டுக்குப் போன பிள்ளைகளின் வேலை. அந்தச் சொற்களைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே கற்ற தலைமுறை இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

பவணந்தியார் சொன்ன குழூஉக்குறி தோட்டத்தில் இல்லாமல் இல்லை. அது பால் நிறுக்கும் ஸ்டோரில் இருந்தது. பாலில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கின் விகிதத்துக்குப் பெயர் டி.ஆர்.சி. (Dry Rubber Content). கிராணி என்ற தோட்டத்து எழுத்தர் ‘மெட்ரோலக்’ என்ற மிதவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு ஓர் எண்ணைப் படிப்பார். பாலின் எடையை அந்த எண்ணால் கணக்கிட்டுத்தான் காய்ந்த ரப்பரின் எடை வரும். அதை வைத்தே கூலியின் ஒரு பகுதி. காண்டா வாளியைத் தூக்கி வந்தவளுக்கு எடை தெரியும், எண் தெரியாது. மழைத்தண்ணீர் கலந்து எண் இறங்கினாலும், யாராவது குறைத்து எழுதினாலும், அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். எதிர்த்துக் கேட்க வேண்டுமானால் அந்தச் சொல் என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் தலைமையில் முதலாளிமார் சங்கத்தோடு கூலி ஒப்பந்தங்கள் பேசியபோது, இந்த அலுவலக மொழி மேசைக்கு இந்தப் பக்கமும் வந்தது. சங்கத்தின் மற்றக் குறைகளைப் பற்றி எவ்வளவோ பேசலாம். ஆனால் கணக்கின் சொற்களைத் தொழிலாளிக்காகப் பேசத் தெரிந்தவர்கள் ஒரு கூட்டமாக உருவானது, கூலி உயர்வுக்கு ஈடான வெற்றி என்பது என் துணிபு.

பிறகு பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. மங்குக்கும் கோட்டுப்பாலுக்கும் அங்கே வேலையில்லை. இன்று செண்டாயானில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புதுநகரம் நிற்கிறது, பக்கத்தில் விமானப்படைத் தளம். தோட்டத்துப் பேச்சின் ஒரு பங்கு சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ போன்ற நாவல்களில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நாவல் பேச்சைக் காப்பாற்றும். உளி எந்தச் சரிவில் இறங்கியது என்பதைக் காப்பாற்றுவது அதன் வேலையில்லை. அகராதிக்காரர் ‘கோட்டுப்பால்: உறைந்த ரப்பர்ப் பால்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அது போதாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பால்மரம் சீவிய அம்மாவோ, பாட்டியோ, தாத்தாவோ இருந்தால், சொற்களை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். கையில் ஓர் உளியையோ, கிடைக்காவிட்டால் ஒரு கத்தியையோ கொடுத்து, செய்து காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம்பிடியுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டுகளில் வேலை பார்த்தார் என்பதையும் அவர் குரலிலேயே பதிவு செய்து இந்த வாரமே எங்களுக்கு அனுப்புங்கள்.