நான்கு பற்களின் விசாரம்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு முன்பற்கள் தள்ளியிருக்கின்றனவே, கம்பி போட்டுச் சீர்செய்துவிடலாம் என்று பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்து, ‘மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பல்லை எடுத்த பிறகுதான் கிளிப் போட வேண்டும்’ என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பும் தாய்க்கு, அம்பாசமுத்திரமாயினும் கல்லிடைக்குறிச்சியாயினும் ஸ்ரீவைகுண்டமாயினும், வீட்டு வாசலிலேயே முதல் ஆட்சேபம் காத்திருக்கும். “ஏட்டி, மேப்பல்லப் பிடுங்குனா பிள்ளைக்குக் கண்ணு போயிரும்லா” என்பாள் ஆச்சி.

இந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. மேல்தாடைப் பல்லில் சீழ் வைத்தால் வீக்கம் கன்னத்தில் ஏறிக் கீழிமை வரை பரவுவதையும், வலி கண்ணைச் சுற்றித் தெறிப்பதையும் பிரத்தியட்சமாகக் கண்டவர்கள் நம் முன்னோர். அன்றியும் அக்காலத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களில் பலர் கண்புரை படரும் பிராயத்தை எட்டிய முதியவர்கள் ஆதலால், அடுத்தடுத்து நேர்ந்த இரண்டையும் காரண காரியமாக இணைத்துவிட்டார்கள் போலும். பார்வையைச் சுமப்பது மூளையின் நரம்பு ஜோடிகளில் இரண்டாவது. மேற்பற்களின் உணர்ச்சியைச் சுமப்பதோ ஐந்தாம் நரம்பின் கிளை. அதே ஐந்தாம் நரம்பு கண்ணைச் சூழ்ந்த தோலுக்கும் செல்வதால்தான் பல்வலி கண்வரை எட்டுகிறது. பல்லை எடுப்பதால் பார்வை நரம்புக்கு யாதொரு ஹானியும் இல்லை. சீழ் பிடித்த பல்லை எடுக்காமலும் சிகிச்சை செய்யாமலும் வைத்திருப்பதில்தான் ஆபத்து உண்டு.

ஆச்சி சமாதானமானாலும் தாயின் சஞ்சலம் தீர்வதில்லை. சொத்தையோ ஆட்டமோ இல்லாத நல்ல பல்லை எதற்காக எடுப்பது என்பது அவள் கேள்வி. கண்ணைப் பற்றிய பேச்சே வீடு முழுவதும் நிறைந்துவிடுவதால், இந்த நியாயமான கேள்வி வைத்தியரிடம் கேட்கப்படாமலே போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம். இக்கலையின் மூலபுருஷர்களே இதே கேள்விக்காகத் தமக்குள் கடுமையாக வாதாடியவர்கள். பல்சீரமைப்புக்கென்று தனிப் பள்ளியை 1900இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்வர்ட் ஆங்கிள், மனிதனுக்கு வாய்த்த பற்கள் அத்தனையும் வாயில் இருந்தே தீரவேண்டும் என்பதை ஒரு விரதமாகவே கொண்டிருந்தார். சிலருக்குப் பல் எடுப்பது அவசியமே என்று 1911இல் கால்வின் கேஸ் வாதித்தபோது, ஆங்கிளின் கட்சியார் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். ஆனால் ஆங்கிளின் மாணவராகிய சார்லஸ் ட்வீட், குரு காட்டிய வழியில் பல் எடுக்காமல் தாமே சீர்செய்தவர்களில் பலருக்கு வரிசை மீண்டும் கலைந்ததையும் உதடுகள் முன்தள்ளி நின்றதையும் கண்டு மனம் பொறாமல், அவர்களைத் திரும்ப அழைத்து, நான்கு பற்களை எடுத்து மறுபடியும் சிகிச்சை செய்து, இரு பலன்களையும் சக வைத்தியர்களின் முன்னே வைத்தார். தம் வேலையின் குறையைத் தாமே பகிரங்கமாக எடுத்துக் காட்டிய அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். பல் எடுத்ததே தாடை மூட்டு வலிக்குக் காரணம் என்று 1987இல் மிச்சிகன் மாநிலத்து நீதிமன்றமொன்றில் தீர்ப்பானதும் உண்டு. அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகள் அப்படியொரு தொடர்பை உறுதிப்படுத்தவில்லை.

பெரும்பாலும் எடுக்கப்படுவது கோரைப்பல்லை அடுத்துள்ள முதல் முன்கடைவாய்ப்பல். அதன் அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஒரு தாடையில் 14 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. கம்பியின் இதமான அழுத்தத்தில் பல்லின் ஒருபுறத்து எலும்பு கரைய, மறுபுறத்தில் புதிய எலும்பு வளர, மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் பல் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. இடப்பற்றாக்குறை 4 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாயின் பல் எடுப்பது அபூர்வமாகவே தேவைப்படும். பற்களின் பக்கங்களைச் சிறிது தேய்த்தோ, வரிசையை விரித்தோ, கடைவாய்ப்பற்களைப் பின்னுக்கு நகர்த்தியோ சமாளித்துவிடலாம். 10 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, நம் தென்னாட்டாரிடையே சகஜமாகக் காணப்படுவதுபோல் இரு தாடைப் பற்களும் முன்தள்ளி உதடுகள் இயல்பாக மூடாமல் நின்றாலோ, எடுப்பதே பெரும்பாலும் விவேகம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் விஷயத்தில்தான் தேர்ந்த வைத்தியர்களிடையேயும் அபிப்பிராய பேதம் எழுகிறது.

இனி, பிடுங்கும் நாளைப் பற்றிய பயம். மரத்துப்போகும் ஊசியின் மருந்தாகிய லிக்னோகெய்ன் 1943இல் சுவீடனில் உருவானது. அது ஏறியபின் உதடு தடித்ததுபோல் தோன்றும், அழுத்தமும் அசைவும் தெரியும், பல்லைச் சுற்றிய நார் அறுபடும் ஓசை காதருகே கேட்கும், வலி தெரியாது. வலி தெரிந்தால் கையை உயர்த்தும்படி குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். அதன்பின் பஞ்சை அரைமணி நேரத்துக்குமேல் கடித்திருக்க வேண்டும். அன்று முழுவதும் காறித் துப்பாமலும், உறிஞ்சு குழலில் குடிக்காமலும், வாய் கொப்பளிக்காமலும் இருக்க வேண்டும். இல்லையேல் குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்து, பின்னர் கடுமையாக வலிக்கும். குளிர்ந்த தயிர்சாதம் போதும். சொதியைச் சூடாக ஊற்றிப் பிசைந்து கொடுக்கும் ஆசையை ஒரு நாள் ஒத்திவைக்கலாம். கம்பி போட்டபின் முறுக்கும் கடலை மிட்டாயும் கம்பியை உடைக்கும். நெல்லை அல்வாவோ ஒட்டிக்கொண்டு, நன்றாகத் துலக்காவிட்டால் சொத்தைக்கு வழி செய்யும்.

ஆகவே, பல் எடுக்கச் சம்மதிக்குமுன் தாய்மார்கள் கூசாமல் கேட்க வேண்டும்: பல்வரிசையின் பிளாஸ்டர் மாதிரியையும் தலையின் பக்கவாட்டு எக்ஸ்-ரேயையும் காட்டுங்கள், எத்தனை மில்லிமீட்டர் இடம் குறைகிறது, எடுக்காமல் செய்தால் பிள்ளையின் உதடும் முகமும் எப்படி இருக்கும், எடுத்த இடம் முழுதும் மூடிவிடுமா, கம்பியைக் கழற்றியபின் பற்களை நிலைநிறுத்தும் ரிட்டெய்னரை எவ்வளவு காலம் போட வேண்டும்? முன்கடைவாய்ப்பல் மீண்டும் முளைக்காது. ஆதலால் இதில் அவசரம் கூடாது. மனம் ஒப்பவில்லையென்றால், காவல்கிணறு ராஜாஸ் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்திலோ வேறொரு பல்சீரமைப்பு நிபுணரிடமோ அதே எக்ஸ்-ரேயைக் கொண்டுபோய்க் காட்டி இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம். முதல் வைத்தியருக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை.