‘தொழில்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

லண்டனில் எனக்கு வேலை போனது பிப்ரவரியில். கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது மார்ச்சில். இடைப்பட்ட ஐந்து வாரத்தில் வேலை போன சேதியை மூன்று பேரிடம்தான் சொல்லியிருந்தேன்: மனைவி, ஊரில் இருக்கும் தம்பி, ஜாப்சென்டர் அதிகாரி. நான்காவதாகக் கேட்டது ஒரு படிவம். “உங்கள் தொழில் என்ன?”

கட்டத்தில் பதில் ஏற்கெனவே இருந்தது. போன வருடம் நான் கொடுத்த அதே ‘மென்பொருள் பொறியாளர்’. நான் ஒன்றுமே செய்யாவிட்டாலும் குறித்த தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விடும், பாலிசி தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும். இதைப் பற்றி யோசனை கேட்கப்போய், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துத் தம்பியிடமும் விஷயத்தை உடைக்கவேண்டியதாயிற்று. அவர் சிரிக்கவில்லை. “வேலை போட்டுது எண்டு எழுதினா காசைக் கூட்டிப் போடுவாங்கள் அண்ணை. பழசையே விடுங்கோ” என்றார்.

விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. உண்மையைச் சொன்னால், கூடுதல் காசு இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், ‘வேலையில்லாதவர்’ என்ற சொல்லை என் கையாலேயே தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை. கல்யாண வீட்டில் “இப்ப எங்க இருக்கீங்க?” என்று யாராவது கேட்டால் பாயசத்தைக் காட்டிப் பேச்சை மாற்றலாம். படிவத்திடம் அது பலிக்காது.

சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது விநோதமாகப் படும். அங்கே கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசே தொகை நிர்ணயிக்கிறது. 1000 முதல் 1500 சிசி வரையிலான தனியார் காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை, வரி நீங்கலாக, வருடத்துக்கு 3,416 ரூபாய். கலெக்டர் கார் என்றாலும் கல்லூரி மாணவர் கார் என்றாலும் அதே 3,416தான். பிரிட்டனில் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். ஆனால் விலையை நிறுவனங்களிடம் விட்டுவிட்டார்கள். அதனால்தான் அத்தனை கேள்விகள்: வயது, வீட்டின் அஞ்சல் குறியீடு, இரவில் கார் எங்கே நிற்கும், வருடத்துக்கு எத்தனை மைல் ஓடும், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்.

வேலைக்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் வந்த பழைய கிளெய்ம்களைத் தொழில்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்தக் கூட்டத்திலிருந்து அதிகம் வந்ததோ அந்தக் கூட்டத்துக்கு விலை அதிகம். நான் காலையில் நெரிசலில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன், கார் பாதி நாள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், பணி ஓய்வு பெற்றவரும் வேலைக்குப் போகாதவர்தான். ஆனால் அவருக்குப் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும். ஒரே வீட்டில், ஒரே மாதிரி சும்மா நிற்கும் இரண்டு கார்கள். அப்பாவுக்கு ஒரு விலை, மகனுக்கு ஒரு விலை. இதில் வயதுக்கும் பங்கு உண்டு என்றாலும், வயது ஒன்றாக இருந்தாலும் அந்த இரண்டு சொற்களுக்கும் விலை வேறுபடலாம்.

ஆணா பெண்ணா என்று பார்த்து விலை வைப்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் செல்லாது என்றது. 2012 டிசம்பர் 21 முதல் அந்த வழக்கம் நின்றது. வேலையின்மைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாரபட்சம் காட்டக்கூடாத ஒன்பது அடையாளங்களைப் பட்டியலிடுகிறது. வேலை இருப்பதோ இல்லாததோ அதில் இல்லை. சம்பளம் நின்ற மாதத்தில் செலவைக் கூட்டுகிற ஒரு முறையை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த முறை சட்டப்படி சரி.

சரி, பழசையே விட்டுவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பதில் சொல்ல ஒரு கோட்டைக் கதை வேண்டும். சுமத்ரா தீவின் பெங்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ என்றொரு கோட்டை இருந்தது. எதிரி பிடித்துக்கொண்டால் நஷ்டஈடு வேண்டுமென்று அதன் ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டர் லண்டனில் காப்பீடு எடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் 1760இல் கோட்டையைப் பிடித்தே விட்டார்கள். கோட்டையின் பலவீனத்தைக் கார்ட்டர் மறைத்தார் என்று காப்பீடு கொடுத்தவர் வழக்காடினார். 1766இல் தீர்ப்புச் சொன்ன மான்ஸ்பீல்டு பிரபு கார்ட்டர் பக்கம் நின்றாலும், காப்பீடு என்பது நல்லெண்ண ஒப்பந்தம், தெரிந்த முக்கிய விஷயத்தை மறைக்கக்கூடாது என்ற விதியையும் நிலைநாட்டினார். அந்த விதி 1906ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தில் ஏறி, கோட்டைக்கும் கப்பலுக்கும் வந்தது நாளடைவில் காருக்கும் வந்து சேர்ந்தது. கேட்காததைக்கூட நீங்களாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லையென்றால் கிளெய்ம் கிடையாது என்ற நிலை நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது.

அதை மாற்றியது 2012இல் வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம். 2013 ஏப்ரல் 6 முதல் அமலில் இருக்கிறது. இப்போது நீங்களாக எதையும் துருவிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். கேள்வி குழப்பமாக இருந்தால் அது நிறுவனத்தின் தலையில். ஆனால் அதே சட்டத்தில் நம்மைப் போன்ற சோம்பேறிகளுக்கென்று ஒரு வரி இருக்கிறது. பழைய விவரங்கள் சரியா, மாற்றம் உண்டா என்று நிறுவனம் கேட்டு, நீங்கள் பதில் பேசாமல் இருந்துவிட்டால், அந்த மௌனமே தவறான தகவலாகக் கருதப்படலாம். ‘நான் பொய் எதுவும் எழுதவில்லையே’ என்ற சமாதானம் அங்கே எடுபடாமல் போகலாம்.

தவறு அஜாக்கிரதையா, வேண்டுமென்றே செய்ததா என்பதைப் பொறுத்து விளைவு மாறும். அஜாக்கிரதை என்றால் விகிதக் கணக்கு. நீங்கள் கட்டியது 600 பவுண்ட், உண்மை தெரிந்திருந்தால் 750 கேட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது நூற்றுக்கு எண்பது. ஆக, 5,000 பவுண்ட் கிளெய்முக்கு 4,000தான் வரும். 150ஐ மிச்சம் பிடித்து 1,000ஐ விட்ட கதை. வேண்டுமென்றே செய்தது என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் பாலிசியே செல்லாது. கட்டிய பணத்தையும் பொதுவாகத் திருப்பித் தரவேண்டியதில்லை. நீங்கள் இடித்த காருக்குச் சொந்தக்காரர் நஷ்டஈட்டைப் பெற்றுவிடுவார், சாலைச் சட்டம் அவரைக் காக்கிறது. அப்படிக் கொடுத்ததை உங்களிடம் திரும்பக் கேட்க நிறுவனத்துக்கும் வழி வைத்திருக்கிறது. இதோடு, அடுத்த இடத்துக்குப் போனால் “உங்கள் பாலிசி எப்போதாவது ரத்தாகியிருக்கிறதா?” என்று ஒரு கேள்வி காத்திருக்கும். ‘ஆம்’ என்பவரைச் சேர்த்துக்கொள்ளப் பலர் தயங்குவார்கள். விலை குறைய வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே பொய் எழுதுவது தனியாகவே குற்றமும் ஆகலாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, வேலைக்குப் போகாத எல்லோரும் ‘வேலையில்லாதவர்’ என்று எழுத ஓட வேண்டாம். அந்தப் பட்டியலைப் பொறுமையாகக் கீழே இழுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது, வேலைக்குப் போகாமல் இருப்பதற்கு எத்தனை பெயர்கள் என்று. இல்லத்தரசி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கணவர், மாணவர், பணி ஓய்வு பெற்றவர், உடல்நலக் குறைவால் வேலை செய்யாதவர், நோயாளியைப் பராமரிப்பவர், சொந்த வருவாயில் வாழ்பவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. பிரிட்டனின் புள்ளிவிவரத் துறை, கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடி, இரண்டு வாரத்துக்குள் சேரத் தயாராகவும் இருப்பவரைத்தான் வேலையில்லாதவர் என்று எண்ணுகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட தாய் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார். வேலையில் இல்லாமல், வேலை தேடவும் செய்யாமல் உழைக்கும் வயதில் இருப்பவர்கள் மட்டும் 2024இல் 90 லட்சத்தைத் தாண்டினார்கள். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இந்த அளவுகோலை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என்றாலும், உங்கள் நிலைக்கு இரண்டு சொற்கள் உண்மையாகவே பொருந்தும் என்றால், விலை குறைந்ததை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஐம்பத்தேழு வயதில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்றவர்தான். முப்பத்தைந்து வயதில் தினமும் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருப்பவர் தன்னை அப்படி அழைத்துக்கொள்ள முடியாது.

நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு இன்னும் வேலை இருக்கிறது. அலுவலகத்துக்கு வரவேண்டாம், வீட்டிலேயே இரு என்று சொல்லிச் சம்பளம் கொடுத்தாலும் அப்படித்தான். பிரசவ விடுப்பில் இருப்பவரும் வேலையில் இருப்பவரே. இதில் தேதிதான் முக்கியம், மனநிலை அல்ல.

வேலை போனவர்கள் விழுகிற பெரிய குழி வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த வேலை கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பானேன் என்று மாலையில் நான்கு மணி நேரம் சொந்தக் காரில் பிரியாணியும் பீட்சாவும் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்புவார்கள். எனக்குத் தெரிந்து ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் பல தமிழ்ப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். சாதாரண பாலிசி, சொந்தப் போக்குவரத்துக்கும் அலுவலகம் போய்வரவும்தான். கூலிக்குப் பொருள் கொண்டுசெல்வதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். அது இல்லாமல் போலீசில் மாட்டினால் காப்பீடே இல்லாமல் ஓட்டியதாகக் கணக்கு: 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 புள்ளி. நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. படிவத்தில் தொழிலைச் சரியாக எழுதிவிட்டு இதைக் கோட்டைவிட்டால் எழுதியதால் என்ன பிரயோஜனம்?

நான் கடைசியில் உண்மையைத்தான் எழுதினேன். விலை ஏறியது, நான்கு பேர் ஹோட்டலில் சாப்பிடுகிற செலவுக்குக் கொஞ்சம் மேல். பிறகு அலுவலகப் பயணத்தைப் பாலிசியிலிருந்து எடுத்தேன், வருட மைல்களை உள்ளபடி குறைத்தேன், ஏறியதில் பாதி இறங்கியது. இன்னும் நான்கு நிறுவனங்களில் விலை கேட்டதில் ஒன்று பழைய தொகைக்கே வந்து நின்றது. பழைய வாடிக்கையாளரிடம், புதிதாக வருபவருக்குச் சொல்வதைவிட அதிகம் வாங்கக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. அதனால் தேடிப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விதி ஒரே நிறுவனத்துக்குள்தான். அடுத்த கடையின் விலையைப் பற்றி அது பேசுவதில்லை.

கிளெய்மில் தகராறு வந்தால், முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரம் பார்க்கலாம். அதன் இறுதிப் பதில் சரியில்லை என்றால், ஆறு மாதத்துக்குள் நிதிச்சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நமக்குக் காசு செலவில்லை. நீங்கள் அன்று என்ன பதில் எழுதினீர்கள் என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும். அதனால் புதுப்பித்த அன்றே பதில்கள் உள்ள பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் எனக்கு வேலை கிடைத்தது. அன்று மாலையே நிறுவனத்துக்குப் போன் செய்து தொழிலை மாற்றச் சொன்னேன். பிரீமியத்தில் 11 பவுண்ட் குறைந்தது. விவரத்தை மாற்றியதற்குக் கட்டணம் 25 பவுண்ட்.